காவடிப் படம், மூன்று ஊர், ஒரு டைம்லைன்: கைமாறும் இடங்களில் கவனிக்க வேண்டியவை

கேள்வி இது: "மொரிஷியஸில் தைப்பூசக் காவடியைப் பற்றி 40 நிமிட ஆவணப்படம் எடுத்து முடித்திருக்கிறோம். இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், தனி ஒலிப்பதிவுக் கருவி, கொஞ்சம் கைபேசிக் காட்சிகள். மொத்தம் 30 மணி நேர ரஷ் (வெட்டாத அசல் காட்சிகள்). எடிட் இங்கே ரோஸ் ஹில்லில், கலர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பின்னணி இசையும் மிக்ஸிங்கும் சென்னையில். தொலைக்காட்சி, ஒரு திரைப்பட விழா, யூடியூப் மூன்றுக்கும் போக வேண்டும். வேலையை எப்படிக் கைமாற்றுவது? எங்கே சிக்கும்?"

மென்பொருளைப் பற்றிப் பேசும் முன் சொற்களைப் பற்றிப் பேசிவிடுங்கள். மொரிஷியஸில் பிரெஞ்சுப் பழக்கத்தில் எடிட்டிங்கை "மோந்தாஜ்" என்பீர்கள். சென்னையில் அதே சொல் காதில் விழுந்தால், பாட்டின் மேல் துண்டு துண்டாக ஓடும் காட்சிகள் என்று எடுத்துக்கொள்வார்கள். கலர் கிரேடிங், அதாவது ஷாட்களின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சீராக்குவது, உங்களுக்கு "எத்தலோனாஜ்", டர்பனில் "கிரேட்", சென்னையில் "டி.ஐ." இவற்றில் பணத்தைக் கடிப்பது "ரீ-ரெக்கார்டிங்". தமிழ்த் திரையுலகில் ஆர்.ஆர். என்றால் பின்னணி இசை சேர்ப்பது. வெளியே அதே சொல்லுக்கு, பேச்சு, இசை, சத்தம் எல்லாவற்றையும் சேர்த்து இறுதியாகக் கலப்பது என்று பொருள். சென்னையிலிருந்து வரும் கட்டணத் தாளில் "ரீ-ரெக்கார்டிங்" என்று ஒரே வரி இருந்தால், அதில் மிக்ஸிங்கும் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்காவிட்டால் கடைசி வாரத்தில் இன்னொரு பில் வரும். அது அவர்கள் தப்பும் அல்ல.

அடுத்து ஃபிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா இரண்டும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், 25 ஃபிரேம் தொலைக்காட்சி. இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் சென்னைத் திரைப்பட ஸ்டூடியோக்களின் கை 24-க்குப் பழகியது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் புதிய செஷனை 24-ல்தான் திறப்பார்கள். படம் 25 என்று முதல் மின்னஞ்சலிலேயே, முதல் வரியிலேயே எழுதுங்கள். சரிபார்க்க ஒரு எளிய வழி: மணி:நிமிடம்:விநாடி:ஃபிரேம் என்று எழுதும் டைம்கோடின் கடைசி எண் 24 என்று எங்காவது வந்தால் அது 24 ஃபிரேம் கணக்காக இருக்கவே முடியாது, ஏனெனில் அங்கே ஃபிரேம்கள் 0 முதல் 23 வரைதான். சென்னையிலிருந்து வரும் குறிப்புகள் ஒன்றில்கூட 24 தென்படவில்லை என்றால் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

விலகலின் அளவைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். 25-ல் வெட்டிய படத்தை 24-ல் ஓட்டினால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 2.5 விநாடி கூடும். இது உடனே தெரிந்துவிடும். 24-க்கும் 23.976-க்கும், அல்லது 30-க்கும் 29.97-க்கும் உள்ள வித்தியாசம் 0.1 சதவீதம்தான். முதல் ஐந்து நிமிடம் உதட்டசைவு சரியாக இருப்பதுபோலத் தோன்றி, 40-ஆவது நிமிடத்தில் 2.4 விநாடி பிசகியிருக்கும். முதல் காட்சியை மட்டும் பார்த்து "சிங்க் சரி" என்று பதில் அனுப்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். எப்போதும் கடைசிக் காட்சியைப் பாருங்கள்.

கைபேசிக் காட்சிகளை அப்படியே டைம்லைனில் போடாதீர்கள். கைபேசி வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பதிவுசெய்யும். எடிட் மென்பொருளில் அதன் ஒலி மெல்ல மெல்ல விலகும். முதலில் ஷட்டர் என்கோடர் போன்ற இலவசக் கருவியில் நிலையான 25 ஃபிரேம், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியாக மாற்றிக்கொள்ளுங்கள். 30-ல் எடுத்ததை 25 ஆக்கும்போது கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்கள் தட்டித் தட்டி ஓடும். ஒலி தேவைப்படாத ஷாட் என்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் அப்படியே வைத்து 25-ஆக வாசிக்கச் சொல்லுங்கள். வேகம் 83 சதவீதமாகக் குறையும், காவடி ஆட்டத்தில் அது குறையாகவே தெரியாது. இன்னும் எடுக்க வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் ஐபோன் அமைப்புகளில் "பால்" (PAL) வடிவங்களைக் காட்டும் பொத்தானைப் போட்டு 25-ஐத் தேர்ந்தெடுங்கள், ஷட்டரைக் கையால் வைக்க விடும் கேமரா செயலி ஒன்றில் 1/50-ல் வையுங்கள். கோவில் டியூப் லைட்டின் கீழ் 1/60-ல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் ஏறி இறங்கும்.

கோப்புப் பெயர்கள் சின்ன விஷயம்போலத் தெரியும். சோனி கேமராவின் மெமரி அட்டையை ஃபார்மேட் செய்யும்போது எண் மீண்டும் தொடங்கும்படி வைத்திருந்தால், ஒவ்வொரு அட்டையிலும் சி0001 என்ற கோப்பு இருக்கும். எட்டு அட்டை என்றால் எட்டு சி0001. ரோஸ் ஹில்லில் எடிட் ஒழுங்காக ஓடும். டர்பனில் அசல் கோப்புகளோடு இணைக்கும்போது தேன்காவடி ஷாட் இருக்க வேண்டிய இடத்தில் சமையலறை ஷாட் வந்து உட்காரும். டைம்கோடும் ஒவ்வொரு கிளிப்பிலும் பூஜ்யத்தில் தொடங்கினால் மென்பொருளுக்குப் பிரித்தறிய வழியே இல்லை. கேமராவிலேயே தொடர் எண்ணாக வைத்து, ஏ, பி என்று முன்னொட்டு கொடுத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை என்றால், ப்ராக்ஸி (எடிட்டுக்கான சிறிய, இலகுவான பிரதி) எடுப்பதற்கு முன்பே, பிரதி ஒன்றில், அட்டை எண்ணை முன்னால் சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். அதன்பின் யாரும் பெயரைத் தொடக்கூடாது. அட்டையின் அசல் அடைவுகளை மாற்றாமல் இன்னொரு பிரதியாக வைத்திருங்கள்.

பிரதி எடுப்பதை இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள். ரிசால்வ் என்ற எடிட், கலர் மென்பொருளில் உள்ள குளோன் கருவியோ, சரிபார்ப்போடு நகலெடுக்கும் வேறு எந்த மென்பொருளோ பரவாயில்லை. நகலும் அசலும் ஒன்றுதானா என்று காட்டும் செக்சம் அறிக்கை கோப்பாக வெளியே வர வேண்டும். வட்டு டர்பனுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் அந்த அறிக்கையோடு ஒப்பிட்டு "சரி" என்று சொன்ன பிறகே உங்கள் அட்டைகளை அழிக்கலாம். மேக்கும் விண்டோஸும் கலந்து வேலை செய்வதால் வட்டை இரண்டிலும் திறக்கும் எக்ஸ்ஃபேட் வடிவில் வைக்க வேண்டியிருக்கும். அதில் ஒரு பலவீனம்: நகல் நடக்கும்போது கேபிளைப் பிடுங்கினாலோ கரன்ட் போனாலோ அடைவுப் பட்டியலே கெட்டுப்போகலாம். அதனால் யூ.பி.எஸ். இல்லாமல் நகலெடுக்க வேண்டாம். தைப்பூசம் வருவதே புயல் காலத்தின் நடுவில். கிளாஸ் 3 எச்சரிக்கை வந்துவிட்டால் ஸ்டூடியோவுக்குப் போக முடியாது. மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்று வேறொருவர் வீட்டில், முடிந்தால் தீவுக்கு வெளியே இருப்பது அதற்காகத்தான்.

இணையத்தில் அனுப்புவதா, ஆளிடம் கொடுத்தனுப்புவதா என்பதைக் கணக்குப் போட்டு முடிவுசெய்யுங்கள். 100 மெகாபிட்டில் எடுத்த 4கே காட்சி மணிக்கு 45 ஜி.பி. 30 மணி நேரத்துக்கு 1.35 டெராபைட். உங்கள் இணைப்பின் ஏற்ற வேகம் 20 மெகாபிட் என்றால், இடையில் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினாலும் மணிக்கு 9 ஜி.பி., ஆக 150 மணி நேரம், ஆறு நாளுக்கும் மேல். விமானத்தில் போகிறவர் பையில் ஒரு வட்டு அதைவிட வேகம். ஆனால் ப்ராக்ஸி வேறு கணக்கு. 1080-ல் 8 மெகாபிட் எச்.264 எடுத்தால் 30 மணி நேரமும் 108 ஜி.பி.க்குள் அடங்கும், 12 மணி நேரத்தில் ஏறிவிடும். எடிட் கணினி பழையது என்றால் எச்.264 திணறும். புரோரெஸ் ப்ராக்ஸி எடுங்கள். 1080, 25 ஃபிரேமில் மணிக்கு 17 ஜி.பி., மொத்தம் 510. அதை உள்ளூரில் வைத்துக்கொண்டு, சென்னைக்கும் டர்பனுக்கும் தேவையான துண்டுகளை மட்டும் அனுப்பலாம்.

ப்ராக்ஸியில் அசலோடு மாறக்கூடாதவை நான்கு: பெயர், ஃபிரேம் ரேட், டைம்கோடு, ஒலி சானல்களின் எண்ணிக்கை. கடைசியைத்தான் மறப்பார்கள். அசலில் நான்கு சானல் இருந்து ப்ராக்ஸியில் இரண்டாகக் குறைந்தால் பிரீமியர் என்ற எடிட் மென்பொருள் அதை ஏற்க மறுக்கும்.

புராஜெக்ட் கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்யும் வசதி ரிசால்விலும் பிரீமியரிலும் இருக்கிறது. மூன்று பேர் கொண்ட குழுவுக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். கோவில் சாவிபோல நடத்துங்கள்: சாவி ஒருவரிடம்தான். குழுவின் அரட்டையில் "சாவி என்னிடம், வ07" என்று எழுதியவர் மட்டுமே டைம்லைனைத் தொடலாம். முடித்ததும் வ08 என்று சேமித்துப் பதிவேற்றிவிட்டு "சாவி வைத்துவிட்டேன்" என்று எழுத வேண்டும். "ஃபைனல்" என்ற சொல்லைக் கோப்புப் பெயரில் போடத் தடை விதியுங்கள். மென்பொருளின் பதிப்பையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள், நடுவில் யாரும் அப்டேட் செய்யக்கூடாது. புதிய பதிப்பில் சேமித்த புராஜெக்ட் பழைய பதிப்பில் திறக்காது.

நேரம் உங்களுக்குச் சாதகம். போர்ட் லூயியில் காலை 10 மணி என்றால் டர்பனில் 8, சென்னையில் 11.30. மூன்று ஊரும் விழித்திருக்கும் பொழுது நிறைய இருக்கிறது, அமெரிக்காவோடு வேலை செய்கிறவர்களுக்கு அது வாய்க்காது.

உங்கள் படத்துக்கே உரிய ஒரு சிக்கல் மொழி. பேட்டிகளில் பாதி கிரியோலில் இருக்கும், நடுவில் ஒரு வாக்கியம் தமிழில், ஒரு சொல் பிரெஞ்சில். இசையமைப்பாளருக்கோ மிக்ஸருக்கோ டர்பன் கலரிஸ்டுக்கோ எது எங்கே முடிகிறது என்று தெரியாது. தானியங்கி எழுத்தாக்கக் கருவிகள் கிரியோலைப் பிரெஞ்சாக எண்ணிக் குழப்பும். கையால்தான் எழுத வேண்டும். மூன்று பத்தி கொண்ட அட்டவணை போதும்: அசல் டைம்கோடு, சொன்னது சொன்னபடி, தமிழ்ப் பொருள். 30 மணி நேரத்துக்கும் வேண்டாம், பேட்டிகளுக்கு மட்டும். இதில் செலவாகும் நாட்கள் சப்டைட்டிலில் அப்படியே திரும்பி வரும்.

அதேபோலப் பாட்டு. திருப்புகழையோ காவடிச்சிந்தையோ பின்னால் ஓடவிட்டுக் காட்சியை வெட்டும்போது, எடிட்டருக்குத் தமிழ் வாசிப்பு குறைவு என்றால் அடியின் நடுவில் வெட்டிவிடுவார். தாளம் சரியாக இருக்கும், சந்தமும் சரியாக இருக்கும், பொருள் மட்டும் பாதியில் நிற்கும். பாடல் வரிகளை அடி அடியாகப் பிரித்து, ஒவ்வோர் அடியின் தொடக்கத்தையும் டைம்லைனில் மார்க்கராகப் போட்டுக்கொடுங்கள். பாட்டுத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் அரை நாள் வேலை.

பார்வைக் குறிப்புகளுக்கு வருவோம். கோவில் நிர்வாகக் குழுவுக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கும். பார்க்கிறவர்கள் கைபேசி ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு "மேளம் சரியாகக் கேட்கவில்லை" என்பார்கள். டைம்கோடு எரித்த (படத்தின் மேலேயே பதித்த) வீடியோவை ஒரு இணைப்பாக அனுப்புங்கள். "அந்த அம்மா பேசுற இடம் இழுக்குது" என்ற குரல் பதிவை வைத்துக்கொண்டு எடிட்டர் ஒன்றும் செய்ய முடியாது. நான்கு அம்மாக்கள் பேசுகிறார்கள். "10:12:08:10 முதல் 10:12:21:00 வரை, இரண்டாம் வாக்கியம் வேண்டாம்" என்பது குறிப்பு. எல்லோருடைய குறிப்புகளையும் ஒருவர் வாங்கி, ஒன்றுக்கொன்று முரண்படுவதைத் தீர்த்து, ஒரே தாளாக எடிட்டரிடம் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது எழுத்தில் இருக்கட்டும். இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்குமேல் தனிக் கட்டணம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கோவில் குழுவின் சம்மதம் வாங்கிய பிறகே பிக்சர் லாக், அதாவது இனி வெட்டு மாறாது என்ற முடிவு. லாக் ஆன பின் எட்டு ஃபிரேம் வெட்டினாலும், அதன் பிறகு வரும் ஒலி, இசை, கலர், சப்டைட்டில் எல்லாம் எட்டு ஃபிரேம் தள்ளிப் போகும்.

இனி ஒலியைச் சென்னைக்கு அனுப்புவது. அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். போக வேண்டியவை ஒரு ஏ.ஏ.எஃப். (டைம்லைனின் ஒலி வெட்டுகளை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் கோப்பு), ஒரு பார்வை வீடியோ, ஒரு தாள். டைம்லைனைப் பிரதி எடுத்துக்கொண்டு அந்தப் பிரதியைச் சுத்தம் செய்யுங்கள். நெஸ்ட் செய்த (பல கிளிப்பை ஒன்றாகக் கட்டிய) கிளிப்புகளைப் பிரித்துவிடுங்கள், அவை ஏ.ஏ.எஃப்.பில் வெறுமையாக வரும். ஈ.க்யூ., சத்தக்குறைப்பு எஃபெக்டுகளை நீக்குங்கள், அவை போய்ச் சேராது. "இந்தச் சத்தக்குறைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது" என்றால் அதைத் தனி டிராக்கில் ரெண்டர் செய்து, அசலையும் பக்கத்தில் வையுங்கள். வேகம் மாற்றிய கிளிப்புகளின் ஒலியையும் ரெண்டர் செய்யுங்கள். டிராக் 1, 2 பேட்டி, 3, 4 சம்பவ இடத்துப் பேச்சு, 5 முதல் 8 மேளமும் கூட்டச் சத்தமும், அதற்குக் கீழே தற்காலிக இசை என்று ஒழுங்குபடுத்துங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ கோப்புகள், இரு பக்கமும் 5 விநாடி ஹேண்டில்ஸ், அதாவது வெட்டுக்கு வெளியே உள்ள கூடுதல் ஒலி. ஹேண்டில்ஸ் இல்லாவிட்டால் மிக்ஸருக்கு ஒரு கூட்டச் சத்தத்தை இன்னொன்றில் கரைக்க இடமே இருக்காது. எங்காவது 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக் கோப்பு நுழைந்திருந்தால் முதலில் மாற்றுங்கள். மாற்றாமல் 48 என்று வாசிக்கப்பட்டால் பாட்டு 8.8 சதவீதம் வேகமாக, கீச்சென்று ஓடும்.

பார்வை வீடியோவில் படம் 10:00:00:00-இல் தொடங்கட்டும். அதற்குச் சரியாக 2 விநாடி முன், 09:59:58:00-இல், ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியும் ஒரு வெள்ளைத் திரையும். இதற்குப் பெயர் "பாப்". கடைசி ஃபிரேமுக்கு 2 விநாடி பின் இன்னொன்று. சென்னையிலிருந்து திரும்பி வரும் எல்லா ஒலிக்கோப்புகளிலும் இந்த இரண்டு பாப்பும் இருக்க வேண்டும் என்று தாளில் எழுதுங்கள். கோப்பு வந்ததும் டைம்லைனில் போட்டு, முன் பாப் வெள்ளைத் திரையில் விழுகிறதா, பின் பாப்பும் விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் விழுந்தால் நடுவில் உள்ளதும் சரி. முன்னது சரி, பின்னது தப்பு என்றால் மேலே சொன்ன 0.1 சதவீத வியாதி.

முழுமிக்ஸோடு பேச்சு, இசை, சத்தம் மூன்றையும் தனித்தனி ஸ்டெம்களாகக் கேளுங்கள். நாளை பக்கத்துத் தீவான ரீயூனியனில் பிரெஞ்சுக் குரலில் ஓட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் பேச்சை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். ஸ்டெம் இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து மிக்ஸ். 5.1 மிக்ஸ் (ஐந்து ஒலிபெருக்கி, ஒரு சப்-வூஃபர்) என்றால் சானல் வரிசையைப் பெயரோடு கேளுங்கள். திரைப்பட வரிசையில் இரண்டாவது சானல் நடு ஒலிபெருக்கி, தொலைக்காட்சியும் டி.சி.பி.யும் (திரையரங்கில் ஓட்டும் கோப்புத் தொகுப்பு) எதிர்பார்க்கும் வரிசையில் இரண்டாவது வலது, மூன்றாவதுதான் நடு. மாறினால் எல்லோருடைய பேச்சும் வலது மூலையிலிருந்து வரும், சப்-வூஃபரின் உறுமல் பின்பக்கத்தில் கேட்கும். ஆறு தனி மோனோ கோப்புகளாக, பெயரிலேயே எந்தச் சானல் என்று எழுதி வாங்கினால் குழப்பமில்லை.

டர்பனுக்குப் போகும் கலர் கோப்பு கொஞ்சம் எளிது. எல்லா ஷாட்களையும் கூடியவரை ஒரே வீடியோ டிராக்குக்கு இறக்குங்கள், எழுத்துகளை நீக்குங்கள், வெட்டுகளின் பட்டியலை எக்ஸ்.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள், பார்வை வீடியோவைச் சேருங்கள். வேகமாற்றமும் பெரிதாக்கலும் செய்த ஷாட்களின் பட்டியலைக் கையால் எழுதுங்கள், ஏனெனில் மென்பொருள் மாறும்போது முதலில் தவறுவது அவைதான். கலரிஸ்ட் பார்வை வீடியோவை மேலே வைத்து வித்தியாசம் பார்த்து ஒவ்வொரு வெட்டையும் சரிபார்ப்பார். அந்தச் சரிபார்ப்பு முடிந்தது என்ற பதில் வரும்வரை கிரேடிங் தொடங்கச் சொல்லாதீர்கள்.

காவடிப் படத்தில் இரண்டு நிறங்கள் தொல்லை தரும். உச்சி வெயிலில் மெஜந்தாப் பூக்களும் மஞ்சள் வேட்டியும் தொலைக்காட்சியின் நிற வரையறையான ரெக்.709-இன் எல்லையைத் தாண்டிப்போய், இதழ்களுக்கிடையே வித்தியாசமே இல்லாத ஒரே பூச்சாகத் தெரியும். சாச்சுரேஷனைப் படம் முழுக்கக் குறைக்காமல், அந்த நிறத்தை மட்டும் தேர்ந்து அமுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கருத்த மேனியில் வெள்ளை விபூதி. முகம் தெரியட்டும் என்று மொத்தப் படத்தையும் தூக்கினால் விபூதி வெடித்து, அலகு குத்திய இடத்தின் நுணுக்கம் போய்விடும். முகத்தின் நடுத்தொனியை மட்டும் தூக்க வேண்டும். இதைத் தாளில் ஒரு வரியாக எழுதி, ஒரு அசையாப் படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.

கிரேட் முடிந்து வந்த கோப்பை மேக்கில் குயிக்டைமில் பார்த்துவிட்டு "வெளுத்துப்போயிருக்கிறது" என்று எழுதும் மின்னஞ்சல் எல்லாத் திட்டத்திலும் உண்டு. குயிக்டைம் காமா குறியீட்டை வேறு மாதிரி வாசிப்பதால் வரும் தோற்றம் அது. அதே கோப்பைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அங்கேயும் கருப்பு சாம்பலாக இருந்தால் வேறு காரணம்: 16 முதல் 235 வரையிலான வீடியோ அளவை முழு அளவு என்று எங்கோ வாசித்திருக்கிறார்கள்.

சப்டைட்டிலைத் தனிப் பத்தியாகவே சொல்ல வேண்டும். கோவில் மலர்களிலிருந்தும் பழைய அழைப்பிதழ்களிலிருந்தும் தமிழ் வரிகளை எடுத்து ஒட்டினால், அவை பாமினிபோன்ற பழைய எழுத்துருவில் தட்டியவையாக இருக்கலாம். எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, எஸ்.ஆர்.டி. (சப்டைட்டில்) கோப்பை யூ.டி.எஃப்.-8-ல் சேமியுங்கள். அடுத்த சோதனை எழுத்துச் சேர்க்கை. "கொடியேற்றம்", "ஸ்ரீ", "பௌர்ணமி" மூன்றையும் டைட்டிலில் தட்டிப் பாருங்கள். கொம்பு பின்னால் போய் உட்கார்ந்தாலோ, "ஸ்ரீ" சிதறினாலோ, அந்த எழுத்துக் கருவி தமிழைச் சேர்க்கத் தெரியாதது. பிரீமியரில் கிராபிக்ஸ் அமைப்பில் தெற்காசிய எழுத்து எஞ்சினைத் தேர்ந்தால் சரியாகும். வேறு எதிலும் சரியாகாவிட்டால் எஃப்.எஃப்.எம்பெக் என்ற கருவியைக் கொண்டு எரித்துவிடலாம். அதன் சப்டைட்டில் பகுதி தமிழை ஒழுங்காகச் சேர்க்கும். மிக முக்கியம்: டர்பனில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுத்து எரிக்கும் வேலையைத் தமிழ் வாசிக்கும் ஒருவரின் கணினியில் மட்டும் செய்யுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு உடைந்த எழுத்தும் ஒன்றுதான், உடையாத எழுத்தும் ஒன்றுதான்.

வரிக்கு 42 எழுத்து என்ற வழக்கமான கணக்கைத் தமிழுக்கு அப்படியே போடாதீர்கள். கணினி "கொ" என்பதை இரண்டாகவும் "ஸ்ரீ" என்பதை நான்காகவும் எண்ணும். கண்ணுக்கு எத்தனை எழுத்து, திரையில் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். ஒரு சப்டைட்டிலுக்கு இரண்டு வரி, குறைந்தது 1 விநாடி, அதிகபட்சம் 7 விநாடி, அடுத்ததோடு 2 ஃபிரேம் இடைவெளி. பெயர்ப்பட்டைகளில் ஆட்களின் பெயரை நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள். மொரிஷியஸ் தமிழர் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துமுறையில் பதிவானவை. ஒரே சுப்பிரமணியன் வீட்டுக்கு வீடு வேறு மாதிரி எழுதப்படுவார். பேட்டி கொடுத்தவரிடமே இரண்டு வடிவத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியீட்டில், தொலைக்காட்சியின் ஸ்பெக் தாளை முதல் வாரமே கேட்டு வாங்கிச் சென்னைக்கு அனுப்புங்கள். 25 ஃபிரேம் நாடுகளில் பெரும்பாலும் கேட்கப்படுவது இ.பி.யூ. ஆர் 128 என்ற ஒலியளவு விதி: சராசரி சத்தம் −23 எல்.யூ.எஃப்.எஸ்., உச்சம் −1 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. அதே மிக்ஸை யூடியூபில் போட்டால் மற்ற வீடியோக்களைவிட மெலிதாகக் கேட்கும். யூடியூப் −14-க்கு மேல் உள்ளதைக் குறைக்கும், கீழே உள்ளதை ஏற்றாது. ஆகவே யூடியூபுக்கு ஒரு தனி ஒலி. தவில் உச்சங்களை லிமிட்டரில் நசுக்கி −14 எட்ட வேண்டாம், −16 போதும்.

விழாவுக்கு டி.சி.பி. இங்கே மறுபடி 24, 25 தகராறு. 25-ஐ 24 ஆக மெதுவாக்கினால் 40 நிமிடம் 41 நிமிடம் 40 விநாடியாகும். அதைவிட, நாதஸ்வரத்தின் சுருதி ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவாக இறங்கும். பார்வையாளர்களில் பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். வாசித்த வித்துவான் கவனிப்பார். சுருதியைப் பிடித்துவைத்து நீட்டினால் கமகங்கள் நடுங்கும், தவில் அடி மங்கும். ஆகவே 25-லேயே டி.சி.பி. செய்யக் கேளுங்கள். எஸ்.எம்.பி.டி.இ. வகை டி.சி.பி. 25-ஐ ஏற்கும், பழைய இன்டராப் வகை ஏற்காது. விழாக் குழுவிடம் இதை எழுதிக் கேட்டுவிட்டு, டி.சி.பி.-ஓ-மேட்டிக் என்ற மென்பொருளில் நீங்களே செய்யலாம். 1920 அகலப் படத்தை 1998 சட்டத்துக்குள் வைக்க வேண்டும், இருபுறமும் 39 பிக்சல் கருப்பு. இழுத்து நிரப்பாதீர்கள்.

யூடியூபில் ஏற்றும் முன் இன்னொன்று. கோவில் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த பழைய பக்திப் பாட்டுகளின் இசைத்தட்டு, பேட்டியின் பின்னால் பதிவாகியிருக்கும். தானியங்கி உரிமைக் கண்டுபிடிப்பு அதைப் பிடித்துவிடும். நேரில் வாசித்த மேளமும் நேரில் பாடிய சிந்தும் வேறு, வாசித்தவர்களிடமும் பாடியவர்களிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்கினால் போதும். இசைத்தட்டு ஓடும் இடங்களை எடிட்டிலேயே மார்க் செய்து சென்னைக்குச் சொன்னால், அங்கே பேச்சை மட்டும் பிரித்து, கீழே வேறு கூட்டச் சத்தம் போட்டு மறைக்க முடியும். மிக்ஸ் முடிந்த பின் சொன்னால் முடியாது.

கடைசியாகக் காப்பகம். அசல்கள், வ-எண்ணோடு புராஜெக்ட், ஸ்டெம்கள், எழுத்தில்லாத கிரேட் செய்த மாஸ்டர், எஸ்.ஆர்.டி., எழுத்துருக் கோப்புகள், ஒப்புதல் கடிதங்களின் ஸ்கேன் எல்லாம் இரண்டு வட்டில். வட்டை மூடிவைக்கும் முன், இந்தப் படத்தில் வேலை செய்யாத ஒரு கணினியில் அதைச் செருகி, புராஜெக்டைத் திறந்து, சிவப்பாக எந்தக் கிளிப்பாவது வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வரும்: எடிட்டரின் டெஸ்க்டாப்பில் கிடந்த ஒரு லோகோ, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு பழைய புகைப்படம்.